ஞானத்தகப்பன் கொடுத்த கார்

நடந்ததை அப்படியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எங்கள் குமாக்கா ஊரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறானே டெல்ஃபின், அவனுக்கு நடந்தது. சந்தேகம் இருந்தால் அவனையே போய்க் கேட்கலாம். ஆனால் சொல்ல மாட்டான். ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னான். பட்டப்பகலில், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு. சொல்லி முடித்ததும் எழுந்து போய் வாந்தி எடுத்தான். கதை கட்டுகிறவன் யாரும் வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லை.

டெல்ஃபினின் மனைவி மெலிங் என்கிற மெலிண்டாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. ரத்தம் சுத்தம் செய்ய வாரம் இரண்டு முறை லுசேனா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டும். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள். திரும்பும்போது நிற்கத் தெம்பு இருக்காது. பஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் நெமி அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். நெமி என்கிற நெமேசியோ கார் மெக்கானிக். டெல்ஃபினுடன் ஒன்றாகப் படித்தவன். டெல்ஃபினின் மகனைக் கோயிலில் கையில் ஏந்தி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்த ஞானத்தகப்பன். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் அது கூடப்பிறந்தவனைவிடப் பெரிய உறவு.

கார் பழசு. வெள்ளை நிறம். கார்புரேட்டர் வைத்த இன்ஜின். ஆனால் உள்ளே மெத்தை, தரைவிரிப்பு எல்லாம் புதிதாக மாற்றப்பட்டிருந்தது.

"பாரே, சாவியைப் பிடி. மெலிங் இனிமே பஸ்ஸுல போகக் கூடாது."

"நெமி, நான் இதுக்கு என்ன…"

"வாயை மூடு. என் ஞானப்பிள்ளையோட அம்மாடா அவ. முடிஞ்சப்போ முடிஞ்சதைக் குடு."

டெல்ஃபின் சாவியை வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஃபாதரிடம் தீர்த்தம் தெளிக்கச் சொல்லலாம் என்றான்.

"அதெல்லாம் நான் பண்ணிட்டேன்" என்றான் நெமி அவசரமாக. "ஒண்ணே ஒண்ணு. பழைய மலைப்பாதையில மட்டும் ஏத்தாதே. வயசான இன்ஜின். தாங்காது. புதுச் சாலையிலேயே போ."

சரி என்றான் டெல்ஃபின். மெக்கானிக் சொன்னால் சரிதானே.

கார் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. மழைக்காலம் ஆரம்பித்தது. அப்போதும் முதல் சாவியிலேயே எடுத்தது. மெலிண்டா ஒவ்வொரு இரவும் ஜெபத்தில் நெமியின் பெயரைச் சேர்த்துக்கொண்டாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் புதுச் சாலையில் மண் சரிந்துவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு நின்று எல்லா வண்டிகளையும் பழைய மலைப்பாதைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். டெல்ஃபின் தயங்கினான். பக்கத்தில் மெலிண்டா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மண்ணை அள்ளி முடிக்க ராத்திரி ஆகிவிடும் என்றார்கள்.

டெல்ஃபின் மலைப்பாதையில் ஏற்றினான்.

இன்ஜின் திணறவே இல்லை. ஏற்றத்தையெல்லாம் சாதாரணமாக ஏறியது. 'நெமி சும்மா பயமுறுத்தியிருக்கான்' என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான். மணி நாலு இருக்கும். வெளிச்சம் இருந்தது, ஆனால் மூடுபனி. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கும் கொஞ்ச நேரத்தில் கரைந்துபோனது. வளைவில் இறங்கியதும் ஒரு குறுகிய பாலம். கீழே ஆறு, மழைத் தண்ணீரில் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்தின் நடுவில் இன்ஜின் நின்றது.

இருமவில்லை. உதறவில்லை. யாரோ சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல நின்றது.

வந்த வேகத்தில் உருட்டிக்கொண்டுபோய் பாலத்தைத் தாண்டி ஓரத்தில் நிறுத்தினான். சாவியைத் திருப்பினான். கிர்ர்… கிர்ர்… கிர்ர்… செல்ஃப் நன்றாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி அடித்தான். கிர்ர்… கிர்ர்… ஊஹூம்.

நெமிக்குப் போன் போட்டான்.

"பாரே, வண்டி நின்னுடுச்சு."

"செல்ஃப் சுத்துதா?"

"நல்லா சுத்துது. எடுக்கல."

"அப்போ பேட்டரி நல்லாருக்கு. பெட்ரோல் வருதா பாரு. ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டு. கார்புரேட்டர்ல எட்டிப் பாத்துக்கிட்டே ஆக்சிலரேட்டர் கம்பியை இழு. உள்ளே பீச்சணும்."

டெல்ஃபின் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பானெட்டைத் திறந்தான். மூடியைக் கழற்றி, கம்பியை இழுத்தான். பெட்ரோல் பளிச்சென்று பீச்சியது.

"வருது பாரே."

"சரி. ஸ்பார்க் பாரு. ஒரு பிளக்கைக் கழட்டி, வயரோட இன்ஜின் மேல வை. மெலிங்கைச் சாவியைத் திருப்பச் சொல்லு."

மெலிண்டா கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். டக்… டக்… டக்… நீல நிறத்தில் நல்ல பொறி.

"ஸ்பார்க்கும் இருக்கு."

பெட்ரோல் இருக்கிறது, காற்று இருக்கிறது, பொறி இருக்கிறது. அப்புறம் எதற்கு நிற்க வேண்டும்?

"டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டிப் பாரு. ஈரம் இருந்தா துணியால துடை" என்றான் நெமி.

இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியைத் தூக்கினான் டெல்ஃபின். தூக்கியதும் கையில் தண்ணீர் கொட்டியது. ஈரம் அல்ல. தண்ணீர். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல. அதில் மணல் இருந்தது. பச்சையாக ஒரு பாசி இழை விரலில் சுற்றிக்கொண்டது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு இப்போதுதானே பொறி வந்தது?

"பாரே… உள்ளே தண்ணி."

"எவ்வளவு?"

"நிறைய."

"ஆத்துத் தண்ணியா?"

டெல்ஃபின் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா… மண்ணும் பாசியுமா…" என்றான். சொன்ன பிறகுதான் உறைத்தது. மழைத் தண்ணீரா என்றல்லவா எவனும் கேட்பான்?

"எங்கே நிக்கிற?" நெமியின் குரல் மாறியிருந்தது.

"மலைப்பாதையில. புதுச் சாலையில மண் சரிஞ்சிடுச்சு."

"எந்த இடம்டா?"

"பாலத்தைத் தாண்டி…"



டெல்ஃபின் நிமிர்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மங்கலாக இருந்தது. மெலிண்டா தலையைத் திருப்பி, பின்பக்கமாகப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. ஜெபம் சொல்கிறாள் போல என்று நினைத்தான்.

கதவைத் திறந்து தலையை நுழைத்தான். காருக்குள் சேற்று நாற்றம்.

"டெல், அந்தத் துண்டை எடுத்துப் பின்னாடி குடேன்" என்றாள் மெலிண்டா. "பாவம், எப்படி நடுங்குறா பாரு."

"யாரு?"

"நீதானே வண்டியில ஏத்தின?"

பின்சீட்டில் யாரும் இல்லை.

ஜுரம் என்று நினைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாட்களில் சில சமயம் அப்படி ஏதாவது உளறுவாள். நெற்றியில் கை வைத்தான். சூடே இல்லை.

அப்போதுதான் பின்சீட்டைச் சரியாகப் பார்த்தான்.

நடுவில் இருக்கும் இடுப்பு பெல்ட் மாட்டியிருந்தது. அவன் மாட்டவில்லை. அந்தப் பெல்ட்டை இதுவரை யாரும் தொட்டதே இல்லை. அது சீட்டில் தொய்ந்து கிடக்கவில்லை. முன்னால் வளைந்து, விறைப்பாக, அந்தரத்தில் நின்றது. ஒரு மடியைச் சுற்றி இறுக்கியதுபோல.

அதன் கீழே மெத்தை அழுந்தியிருந்தது. அழுந்திய இடத்தில் ஈரம்.

போனில் நெமி கத்திக்கொண்டிருந்தான். "பாரே! பாரே! பின்சீட்டைப் பாக்காதே!"

"பாத்துட்டேன்."

"பெல்ட் மாட்டியிருக்கா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத் தொடாதே. அவ என்ன சொன்னாலும் தொடாதே. கழட்டிடாதே!"

அவ.

"யாருடா அவ?"

"மெலிங்கைக் கூட்டிக்கிட்டு நடந்து போயிடு. வண்டி கிடக்கட்டும்."

"அவளால நடக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தூக்கிக்கிட்டுப் போ…"

"யாருன்னு கேட்டேன், நெமி!"

லைன் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டான். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது முறை போன் அணைக்கப்பட்டிருந்தது.

டெல்ஃபின் என்னிடம் சொன்னது இது: "பேயைப் பாத்துக்கூட அப்போ எனக்கு அவ்வளவு பயம் வரல. அவன் போனை அணைச்சான் பாருங்க… அப்போதான் நிஜமாவே பயந்துட்டேன்."

மழை வலுத்தது. கீழே ஆற்றின் சத்தம் கூடியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொன்று கேட்டது.

டக்… டக்… டக்.

காருக்குள்ளிருந்து. பின்கதவின் உள்பக்கமிருந்து. விரல் கணுவால் தட்டுகிற சத்தம்.

"அவளால கழட்ட முடியலையாம் டெல்" என்றாள் மெலிண்டா. அழுகிற குரல். "தண்ணி ஏறுதாம். சீக்கிரம்…"

டக் டக் டக் டக்.

டெல்ஃபின் பின்கதவைத் திறந்தான். குளிர் முகத்தில் அடித்தது. கொக்கியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். அழுந்தவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். கல்.

அவன் கைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

மேலேயிருந்து. காரின் உள்கூரை காய்ந்திருந்தது.

நிமிர்ந்து பார்க்கவில்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். இளநீர் வெட்டும் போலோ கத்தி எப்போதும் அங்கே கிடக்கும். எடுத்தான்.

அறுத்தான்.

நாடா ஈரமாக, தடியாக இருந்தது. பாதி அறுந்ததும் மீதி தானாகவே கிழிந்தது… உள்ளிருந்து யாரோ முட்டியதுபோல.

அழுந்தியிருந்த மெத்தை மெதுவாக மேலெழும்பியது.

மறுபக்கக் கதவு திறந்தது.

யாரோ இறங்கினார்கள். கார் ஒரு பக்கமாகச் சற்றே எழும்பி நின்றது.

அவ்வளவுதான். மழை மட்டும்.

டெல்ஃபின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வைத்தான். பிளக்கை முறுக்கினான். உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முதல் சுற்றிலேயே எடுத்தது.

வீடு வந்து சேரும்வரை மெலிண்டா தூங்கினாள். அவன் ஒரு முறைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

மறுநாள் காலை டெல்ஃபின் நெமியின் பட்டறைக்குப் போனான். நெமி ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அறுந்த பெல்ட்டை அவன் முன்னால் எறிந்தான் டெல்ஃபின்.

நெமி அதைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "அறுத்துட்டியா? ஐயோ பாரே… அறுத்துட்டியா?"

"பாரேன்னு கூப்பிடாதே. சொல்லு."

உட்கார்ந்து சொன்னான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புயல் நாளில், மலைப்பாதையில் ஒரு பெண் கருவாட்டுக் கூடையோடு நனைந்துகொண்டு நின்றாளாம். பாவம் பார்த்துப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டானாம். வளைவு மோசம், பெல்ட் போட்டுக்கோ என்று சொன்னதும் அவன்தான். அவளுக்குப் போடத் தெரியவில்லை. திரும்பி, தன் கையாலேயே மாட்டிவிட்டிருக்கிறான். பாலத்தில் கார் வழுக்கி ஆற்றில் இறங்கிவிட்டது. அவன் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டான். அவளுடைய பெல்ட் கழலாமல் சிக்கிக்கொண்டது.

"கூப்பிட்டா" என்றான் நெமி. "கரையில நின்னு திரும்பிப் பாத்தேன். அப்போ தண்ணி அவ இடுப்பு வரைக்கும்தான்டா இருந்துச்சு."

டெல்ஃபினுக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருந்தது. நெமியிடமிருந்து திருட்டுப்போனதாகச் சொன்ன காரில் யாரோ ஒரு பெண் பிணமாகக் கிடைத்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காரைத் திருட்டுக் கொடுத்துவிட்டானே என்று நெமிக்காக இவனும் வருத்தப்பட்டிருக்கிறான். அதே காரைத்தான் நிறம் மாற்றி, மெத்தை மாற்றிக் கொண்டுவந்திருக்கிறான். அவளைத் தேடி யாரும் வரவில்லை. முனிசிபாலிட்டியே புதைத்தது.

"அவ பேரு என்ன?"

"கேக்கல."

"இந்தக் காரையா என் பெண்டாட்டிக்குக் குடுத்த? சாகக் கிடக்கிறவளுக்கு?"

"பாலத்துப் பக்கம் போகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாதுடா. நான் ஓட்டிப் பாத்திருக்கேன். அதான் அந்த வழியா போகாதேன்னு…"

"ஏன் எனக்கு? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

நெமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "விக்கப் பாத்தேன். வந்தவன் எல்லாம் கேள்வி கேட்டான். ஏன் மெத்தை புதுசு, ஏன் கதவுக்குள்ள துரு, யார் வண்டின்னு. நீதான்… நீ கேக்க மாட்டேன்னு தெரியும்."

டெல்ஃபின் அவனை அடிக்கவில்லை. அடிக்கத்தான் போனான், கை எழவில்லை. பத்து வயதில் இதே ஆற்றில் இருவரும் ஒன்றாக நீச்சல் பழகியவர்கள். இவன் மூழ்கியபோது முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தவன் நெமி.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நீயா போலீசுக்குப் போ. இல்லேன்னா நான் போவேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். வாசலில் நெமியின் குரல் பின்னாலேயே வந்தது.

"போறேன். ஆனா ஒண்ணு… அவளுக்கு என் பேரு தெரியாது பாரே. நான் யாரு, எங்கே இருக்கேன், எதுவும் தெரியாது. இருட்டும் மழையுமா இருந்ததுல முகத்தைக்கூடச் சரியா பாத்திருக்க மாட்டா. அந்தத் தைரியத்துலதான் இத்தனை வருஷம் தூங்கினேன்."

மெலிண்டாவிடம் டெல்ஃபின் இதையெல்லாம் சொல்லவில்லை. நெமியைப் போன்ற நல்லவர்கள் இருப்பதால்தான் கடவுள் தன்னை இன்னும் விட்டு வைத்திருக்கிறார் என்று நம்புகிறவள் அவள். அதையும் பிடுங்க மனம் வரவில்லை. காரை மட்டும் இரும்புக்கடைக்குத் தள்ளிக்கொண்டுபோய் நசுக்கக் கொடுத்தான். கிளட்ச் போய்விட்டது என்று அவளிடம் சொன்னான்.

சனிக்கிழமை நெமியைக் காணவில்லை.

போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்றுதான் டெல்ஃபின் நினைத்தான். கசப்போடு சிரித்துக்கொண்டான். பட்டறைக்குப் போய்ப் பார்த்தான். செருப்பு வாசலில் இருந்தது. மேசைமேல் சாவிக்கொத்து, பர்ஸ். பாதி குடித்த காபி.

எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஆலிங் பாஸ் என்கிற அம்மாள்தான் கடைசியாக நெமியைப் பார்த்தவள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பொண்ணு வந்தா தம்பி. நெமியோட சொந்தக்காரின்னு நினைச்சேன். நல்ல வெயிலு அன்னிக்கு, தலை காயுது. அவ மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சுபோய் நின்னா. எந்தத் தெருக்குழாயில போய் நனைஞ்சாளோ…"

"அப்புறம்?"

"கதவைத் தட்டினா. நெமி திறந்தான். ஒரு வார்த்தை பேசல. அவ கையை நீட்டினா, இவன் பிடிச்சுக்கிட்டான். வெறுங்காலோட அவ பின்னாடியே போனான். ஆத்துப் பக்கமா."

நெமி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆற்றிலும் தேடினார்கள். ஒன்றும் இல்லை.

அன்று வீடு திரும்பிய டெல்ஃபின் நெமியைக் காணவில்லை என்று மட்டும் மனைவியிடம் சொன்னான். மெலிண்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு மழையில நம்மகூட வந்தாளே, அவ போய்ப் பாத்தாளா அவரை?"

டெல்ஃபின் அவள் பக்கம் திரும்பினான். "எவ?"

"நீ இன்ஜினைப் பாத்துக்கிட்டு இருந்தப்போ என்கிட்ட பேசிக்கிட்டே இருந்தா. இந்தக் கார் யாரோடதுன்னு கேட்டா. எங்க பையனோட ஞானத்தகப்பன் குடுத்ததுன்னு சொன்னேன். அவரு பேரு கேட்டா, சொன்னேன். வீடு கேட்டா, வழியும் சொன்னேன். பாவம், அவளுக்கு ஏதோ பெரிய கஷ்டம் போல…"

மெலிண்டா புன்னகைத்தாள்.

"தயங்காம போம்மா, ரொம்ப நல்ல மனுஷன், உன்னைக் கைவிட மாட்டாருன்னு சொல்லி அனுப்பினேன்."